பதினோரு நொடி

மூன்று மைக்குகளையும் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒற்றை மைக்கை வைத்தது காலை ஒன்பது மணிக்கு. ஒன்பதே காலுக்குள் சண்டை வந்துவிட்டது.

காரணம் ஒரு ஜீப். ஒரு மரக்கடையில் தீப்பிடித்திருந்தது. வாசலை அடைத்துக்கொண்டு போலீஸ் ஜீப் நின்றது. தீயணைப்பு வண்டி உள்ளே போக வழியில்லை. இது மாதத்துக்கு நாலு முறை நடப்பதுதான். தீயணைப்பு அதிகாரி மைக்கை எடுத்து வழக்கம்போலச் சொன்னார்.

"அக்கா, அந்தத் தொப்பைக் கூட்டத்துக்கிட்ட சொல்லுங்க, ஜீப்பை எடுத்துத் தொலைக்கச் சொல்லி. கண்ணு என்ன முதுகுலயா இருக்கு?"

கட்டுப்பாட்டு அறையில் இருந்த அக்கா அடுத்த மைக்குக்குக் கையை நீட்டினாள். அங்கே மைக் இல்லை. அது இருந்த இடத்தில் மேசைமேல் வட்டமாக ஒரு தூசித் தடம் இருந்தது.

அதற்குள் போலீஸ் இன்ஸ்பெக்டர் பதில் சொல்லிவிட்டார். இனி அவருக்கு யாரும் எதையும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. நேராகவே காதில் விழுந்துவிட்டது.

"யாருக்குடா தொப்பை?"

இருபது நிமிடம் போனது. நடுவில் ஆம்புலன்ஸ் மேலாளர் சமாதானம் பேச வந்தார். இரண்டு துறைக்காரர்களுமே வருஷத்துக்கு ஒருமுறை சர்க்கரை பரிசோதித்துக்கொள்வது நல்லது என்றார். அதன்பிறகு சண்டை மூன்று பக்கமும் பரவியது. மரக்கடைக்காரர் பக்கத்து வீட்டுக் குழாயில் வாளி வாளியாகப் பிடித்து ஊற்றித் தீயைத் தானே அணைத்துவிட்டு, வாசலில் சத்தம் போடுகிறவர்களைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார்.

அக்காவின் பக்கத்தில் தலைமை அலுவலகத்து இன்ஜினியர் உட்கார்ந்திருந்தார். கையில் பேனா. படிவத்தில் ஒரு கட்டத்தை நிரப்பினார்.

குரல் தெளிவு: மிக நன்று.

*

பத்தொன்பது வருஷமாக அந்த மேசையில் மூன்று மைக்குகள் இருந்தன. சிவப்பு தீயணைப்புக்கு, நீலம் போலீஸுக்கு, வெள்ளை ஆம்புலன்ஸுக்கு. மூன்றும் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு கம்பெனியில் வாங்கியவை. ஒன்றில் பேசுவது இன்னொன்றில் கேட்காது. சிவப்பில் வருவதை நீலத்திலும், நீலத்தில் வருவதை வெள்ளையிலும் திருப்பிச் சொல்வது அக்காவின் வேலை. மூன்று துறையிலும் அவளைக் கன்ட்ரோல் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைவிடப் பெரியவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

அவள் வந்ததை வந்தபடி அனுப்பியதில்லை. சிவப்பில் தொப்பைக் கூட்டம் என்று வந்தது நீலத்தில் "ஜீப் பத்தடி பின்னால போகணும்" என்று போகும். நீலத்தில் "அந்தத் தண்ணிவண்டிக்காரனுங்க குளிச்சிட்டு வர்றானுங்களா" என்று வந்தது சிவப்பில் "இன்னும் எத்தனை நிமிஷம்" என்று போகும். யார் சொன்னது என்பதை அவள் சேர்க்கவே மாட்டாள். சேர்த்தால் பேச்சு வளரும். ஜீப் போகணும் என்றால் ஜீப் போகும். அவ்வளவுதான் விஷயம்.

இது மூன்று துறைக்கும் தெரியாது. மற்ற இரண்டு துறையும் தங்களிடம் மரியாதையாக நடந்துகொள்வதாக ஒவ்வொருவரும் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

போன வருஷம் கிடங்கு எரிந்தது. ஒரு தீயணைப்பு வீரன் தண்ணீர்க் குழாயோடு உள்ளே இருந்தான். பின்பக்கச் சந்தில் நின்ற காவலர் ஒருவர், சுவர் உப்பிக்கொண்டு வருவதைப் பார்த்துவிட்டு, உள்ளே இருக்கறவங்களை வெளியே வரச் சொல்லுங்க என்று நீலத்தில் கத்தினார். அக்கா அப்போது வெள்ளையில் ஆம்புலன்ஸுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த வாக்கியத்தை முடித்தாள். சிவப்பை எடுத்தாள். பூசி மெழுக நேரமில்லை. கேட்டதைக் கேட்டபடி சொன்னாள்.

சுவர் விழுந்தது. வீரன் பிழைத்துக்கொண்டான். இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது.

விசாரணைக் குழு பதிவு நாடாவைப் போட்டுக் கேட்டது. காவலர் கத்தியதற்கும் அக்கா சொன்னதற்கும் நடுவில் பதினோரு நொடி. 'தகவல் எந்த மாற்றமும் இன்றிச் சரியாகச் சொல்லப்பட்டுள்ளது. தாமதம் மட்டுமே குறை' என்று அறிக்கையில் எழுதினார்கள். பதினோரு நொடி முன்பே சொல்லியிருந்தால் அந்த வீரர் நடந்தே வெளியே வந்திருப்பார் என்று, ஆள் நடக்கும் வேகத்தைப் போட்டுக் கணக்கும் காட்டியிருந்தார்கள். தவறு மனிதருடையது அல்ல, அமைப்பினுடையது என்று முடித்தார்கள்.

அக்காவை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அழுதாவது தீர்த்திருப்பாள்.

அவள் அந்த வீரனைப் போய்ப் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரி வாசல்வரை இரண்டு முறை போய்த் திரும்பினாள். எந்த முகத்தோடு பார்ப்பது? பல் துலக்கும்போதும் பஸ் சிக்னலில் நிற்கும்போதும் மனசு ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்துவிடும். பதினொன்று வந்ததும் நின்றுவிடும். அது எவ்வளவு நீளம் என்று எண்ணிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். ஒரு ஆள் எழுந்து, திரும்பி, வாசலைத் தாண்டி, சட்டையைத் தட்டிக்கொள்ளலாம்.

அதனால் ஒரு முடிவு செய்தாள். முதலில் அந்தப் பதினோரு நொடி ஒழிய வேண்டும். ஒழிந்த பிறகு அவனிடம் போய், தம்பி, இனி யாருக்கும் இப்படி ஆகாது என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் அவன் முகத்தைப் பார்க்க முடியாது.

எனவே மூன்று துறைக்கும் ஒரே கருவி, ஒரே அலைவரிசை, ஒரே தரம் என்று இன்ஜினியர் வந்து நின்றபோது, மகிழ்ச்சியடைந்த ஒரே ஆள் அக்காதான். இது முடிந்தால் உங்க நாற்காலிக்கு வேலை இருக்காதே மேடம் என்று அவர் தயங்கியபோது, பரவாயில்லை சார், சீக்கிரம் முடியுங்க என்றாள்.

*

முதல் நாள் சண்டையைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போனவள், வீட்டிலும் அதே வேலையைத்தான் செய்துகொண்டிருப்பதை அன்றுதான் கவனித்தாள்.

அவள் கணவருக்கும் அவருடைய அக்காவுக்கும் ஆறு வருஷமாகப் பேச்சு இல்லை. இருவரும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். ஒரே மேசையில்தான் சாப்பிட்டார்கள். குழம்பில் உப்பு ஜாஸ்தி, சமைக்கத் தெரியாதவங்க ஏன் சமைக்கணும் என்பார் கணவர். அண்ணி, இன்னும் கொஞ்சம் சோறு கேக்கறார் என்பாள் இவள். தின்னு தின்னு படுத்திருக்கிறதுக்குச் சோறு ஒரு கேடா என்பார் நாத்தனார். போதுமான்னு கேக்கறாங்க என்பாள் இவள்.

வீட்டையும் ஒரே அலைவரிசைக்குக் கொண்டுவந்துவிடலாம் என்று தோன்றியது. இனி எதுவானாலும் நேராகப் பேசிக்கொள்ளுங்கள் என்று இரண்டு பேரிடமும் சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போனாள். மடித்து முடிப்பதற்குள் ஆறு வருஷத்துப் பாக்கியும் பேசி முடிந்திருந்தது. நாத்தனார் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கணவர் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார்.

அதற்கு முன் அவர்கள் இருவரும் ஒருவரோடொருவர் பேசாமல் இருந்தார்கள். அன்றிலிருந்து இவளோடும் பேசவில்லை.

*

குழு கூடியது. ஜன்னல் இல்லாத அறை. ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீருக்குக் கீழே ஒரு வாளி. மூன்று அதிகாரிகளும் மூன்று மூலையில் உட்கார்ந்தார்கள். நான்காவது மூலையில் வாளி.

பிரச்சினை கருவியில் இல்லை, பண்பில்தான் இருக்கிறது என்றார் இன்ஜினியர். அதற்கு ஒரு விதி கொண்டுவந்தார். எந்தச் செய்தியும் வணக்கத்தில் தொடங்க வேண்டும், நன்றியில் முடிய வேண்டும்.

மறுநாளிலிருந்து மரியாதை பெருகியது. ஒருவர் வணக்கம் சொன்னால் இரண்டு துறையும் பதில் வணக்கம் சொன்னது. சொல்லாமல் விட்டால் அவமதிப்பு என்று எழுத்தில் புகார் வந்தது. நன்றிக்கு நன்றி சொன்னார்கள். அதற்கு, பரவாயில்லை என்றார்கள். ஒரு கர்ப்பிணியை ஏற்றிக்கொண்டு வந்த ஆம்புலன்ஸ், கடைத்தெருவில் வழிவிடச் சொல்லிக் கேட்க வாயைத் திறந்தபோது, போலீஸும் தீயணைப்பும் வணக்கம் பரிமாறிக்கொண்டிருந்தார்கள். குறுக்கே பேசுவது விதிப்படி குற்றம். ஆம்புலன்ஸ் காத்திருந்தது. குழந்தை காத்திருக்கவில்லை.

தாயும் சேயும் நலம் என்று மேலாளர் அறிவித்தார். இரண்டு துறையும் வாழ்த்துச் சொன்னது. அதற்கு நன்றி சொல்ல நாலு நிமிடம் ஆனது.

அக்கா எண்ணிப் பார்த்தாள். பதினோரு நொடி இப்போது சராசரியாக ஐம்பத்தெட்டு ஆகியிருந்தது.

குழு மறுபடி கூடியது. வணக்கத்தை எடுத்துவிட்டு அவசரப் பொத்தான் வைத்தார்கள். அதை அழுத்தினால் மற்ற எல்லோருடைய பேச்சும் அறுபட்டு, அழுத்தியவர் குரல் மட்டும் போகும். ஒரு துறைக்குத்தான் கொடுக்க முடியும் என்றார் இன்ஜினியர். எந்தத் துறைக்கு என்று இரண்டு மணி நேரம் பேசினார்கள். நெருப்பைவிட அவசரம் உண்டா என்றார் தீயணைப்பு அதிகாரி. உயிரைவிட நெருப்பு பெரிதா என்றார் மேலாளர். இவர்கள் இருவரும் அங்கே போய்ச் சேரவே நான் கூட்டத்தை விலக்க வேண்டுமே என்றார் இன்ஸ்பெக்டர். கடைசியில் மூவருக்குமே கொடுத்தார்கள்.

திங்கட்கிழமை காலையில் அலைவரிசை அமைதியாக இருந்தது. ஒரு சத்தம் இல்லை. பத்து நிமிடம், இருபது நிமிடம். இன்ஜினியருக்குப் பெருமை தாங்கவில்லை.

"பாத்தீங்களா மேடம், என்ன ஒழுங்கு."

அப்போது தொலைபேசி அடித்தது. யாரோ ஒரு பெண். எங்கள் தெருவில் ஒரு போலீஸ் ஜீப், ஒரு தீயணைப்பு வண்டி, ஒரு ஆம்புலன்ஸ் எதிரும் புதிருமாக நிற்கின்றன, ஒன்றும் நகரவில்லை, மூன்று வண்டியிலும் முன்சீட்டில் இருப்பவர்கள் எதையோ கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறார்கள், அவர்களுக்கு உடம்புக்கு ஏதாவதா, யாரைக் கூப்பிடணும் என்று கேட்டாள்.

அக்கா தொலைபேசியை இன்ஜினியரிடம் நீட்டினாள்.

பொத்தானை எடுத்தார்கள். பிறகு ஏழு வந்தது.

வளவளவென்று பேசாமல் எண்ணில் பேசலாம் என்று முடிவானது. எண் மூன்று துறையிலும் ஏற்கெனவே இருந்தது. போலீஸில் ஏழு என்றால் நிலைமை கட்டுக்குள். தீயணைப்பில் ஏழு என்றால் தண்ணீர் தீர்ந்துவிட்டது. ஆம்புலன்ஸில் ஏழு என்றால் ஆள் போய்விட்டார். ஒரு சாலை விபத்தில் கூட்டத்தை விலக்கி முடித்த காவலர், திருப்தியாக ஏழு என்றார். வந்துகொண்டிருந்த ஆம்புலன்ஸ் பாதி வழியில் திரும்பிவிட்டது. தீயணைப்பு வண்டி ஒன்று தண்ணீரோடு வந்து நின்றது. அடிபட்டவர் சாலையோரத்தில் எழுந்து உட்கார்ந்து, என்னை என்ன கழுவி விடப் போறீங்களா என்று கேட்டார்.

ஏழை யார் விட்டுக்கொடுப்பது என்று குழு கூடியது. யாரும் விடவில்லை. ஏழு எங்கள் துறையின் மரபு என்றார் இன்ஸ்பெக்டர். சரி, ஏழே வேண்டாம் என்று எடுத்தார்கள். அப்புறம் நாலுக்கும் ஒன்பதுக்கும் அதே கதை. மாலைக்குள் சர்ச்சைக்குரிய எண்கள் எல்லாம் போய்ப் பட்டியலில் பதின்மூன்று மட்டும் மிஞ்சியது. அது எந்தத் துறையிலும் எதையும் குறிக்காத எண். அதை வைத்துக்கொள்ள மூவரும் சம்மதித்தார்கள்.

அன்று வீட்டுக்குப் போகும் வழியில் அக்கா பஸ்ஸில் உட்கார்ந்து, எண்ணாமல் இருக்க முயன்றாள். கிடங்கு எரிந்து பதினான்கு மாதம் ஆகிவிட்டது. அந்தத் தம்பி ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, கட்டைக் காலோடு தீயணைப்பு நிலையத்துச் சாமான் அறையில் வேலை பார்ப்பதாகக் கேள்விப்பட்டிருந்தாள். அந்த நிலையம் அவள் பஸ் போகும் வழியில்தான் இருந்தது. அது வரும்போது மறுபக்க ஜன்னலைப் பார்ப்பாள்.

*

கடைசிக் கூட்டத்தில் எண் இல்லை, வணக்கம் இல்லை, பொத்தான் இல்லை. சாதாரணமாகப் பேசுங்கள் என்று விட்டார்கள். அதில் ஒரு சிக்கல்தான் வந்தது. கரகரவென்று வரும் குரலில் யார் பேசுகிறார் என்று தெரியவில்லை. ஒரு ஆம்புலன்ஸ் டிரைவர் தன் உதவியாளரைப் பார்த்து "ஓடு, ஓடு" என்றது அலைவரிசையில் போய், ஒரு போலீஸ் உதவி ஆய்வாளர் அரைக் கிலோமீட்டர் ஓடியிருந்தார்.

ஓடியது பெரிய விஷயமில்லை என்றார் இன்ஸ்பெக்டர். ஒரு டிரைவர் சொல்லி ஓடினான் என்பதுதான் துறைக்கே தலைகுனிவு.

"எவன் சொல்றான்னு தெரியாம எப்படிங்க ஒரு பேச்சைக் கேக்கறது?"

அது நியாயம் என்றார் தீயணைப்பு அதிகாரி. நானும் அதைத்தான் சொல்ல வந்தேன் என்றார் மேலாளர். வாளியில் சொட்டுகிற சத்தம் கேட்டது. இத்தனை கூட்டத்தில் முதல்முறையாக மூவரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போயிருந்தார்கள்.

அந்த நேரம் நழுவிவிடக் கூடாது என்று அக்காவுக்குப் பதறியது. அதுவரை அந்தக் கூட்டங்களில் அவள் வாயைத் திறந்ததில்லை. குறிப்பெடுக்கத்தான் உட்கார்ந்திருந்தாள்.

"சார், ஒவ்வொரு செய்திக்கும் முன்னால துறைப் பேரைச் சொல்லிட்டா? போலீஸ், அப்புறம் செய்தி. தீயணைப்பு, அப்புறம் செய்தி. ஒரே ஒரு வார்த்தை. அரை நொடி கூட ஆகாது."

பத்தொன்பது வருஷம் எதை மறைத்து வைத்தாளோ அதை எடுத்து மேசைமேல் வைக்கிறோம் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் ஊருக்கு வேண்டியது இனி அவளுடைய சாமர்த்தியம் இல்லை, வேகம். அதைத்தான் அறிக்கை சொன்னது. அவளே பதினொன்று பதினொன்றாக எண்ணிப் பார்த்துவிட்டாள்.

மூவரும் கையெழுத்துப் போட்டார்கள். ஒரே பேனாவில். இன்ஜினியர் அந்தப் பேனாவைப் பத்திரப்படுத்திக்கொண்டார்.

ஆட்கள் மறந்துவிடக் கூடாது என்பதற்காக அவர் அதைக் கருவியிலேயே வைத்துவிட்டார். பேசும் பொத்தானை அழுத்தியதும் பதிவு செய்த குரல் முதலில் துறைப் பெயரைச் சொல்லும். பிறகுதான் பேச முடியும். யாருடைய குரல் என்று கேள்வி வந்தபோது, எல்லோருக்கும் பழகிய குரல் என்று அக்காவைக் கூப்பிட்டார்கள். அவள் ஒரு சின்னக் கண்ணாடி அறையில் நின்று மூன்று வார்த்தை சொன்னாள். போலீஸ். தீயணைப்பு. ஆம்புலன்ஸ். ஒவ்வொன்றையும் நாலு முறை சொல்ல வைத்து நல்லதைத் தேர்ந்தெடுத்தார்கள்.

"இனி யாரு நெனச்சாலும் இதை மாத்த முடியாது மேடம்," என்றார் இன்ஜினியர். "சிப்புலயே எழுதியாச்சு."

*

ஒத்திகைக்குக் காலியான ஒரு ஐந்து மாடிக் கட்டடத்தைக் கொடுத்தார்கள். மூன்றாம் மாடியில் புகை போட்டார்கள். எதிரே பந்தல், பந்தலில் மேலதிகாரிகள், அவர்கள் முன்னால் தண்ணீர்ப் புட்டிகள். அக்காவிடம் நொடி பார்க்கும் கடிகாரம் ஒன்றைக் கொடுத்து ஓரமாக உட்கார வைத்தார்கள். அவள் கேட்டு வாங்கிக்கொண்ட வேலை அது.

கட்டடத்தின் பின்பக்கம் நின்ற காவலர் பொத்தானை அழுத்தினார். அக்காவின் குரல் போலீஸ் என்றது. உடனே காவலரின் குரல்: "சுவர் சாயுது, எல்லாரும் வெளியே வாங்க."

தீயணைப்பு வீரர்களின் தோளில் இருந்த கருவிகளில் அது அப்படியே கேட்டது. அக்கா கடிகாரத்தை நிறுத்தினாள். ஒன்றேகால் நொடி.

அவள் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எண் கலங்கித் தெரிந்தது. மூன்றாம் மாடி ஜன்னலில் இருந்த வீரர்கள் கீழே நின்ற தங்கள் அதிகாரியைப் பார்த்ததையோ, அவர் பந்தலைப் பார்த்துவிட்டுத் தலையசைத்ததையோ, அதன்பிறகு அவர்கள் இறங்கி வந்ததையோ அவள் பார்க்கவில்லை. கைதட்டல் கேட்டு நிமிர்ந்தபோது எல்லோரும் வெளியே நின்றிருந்தார்கள்.

பந்தலில் இருந்த பெரியவர், இந்தத் தரம் எல்லா ஊருக்கும் போகும் என்று அறிவித்தார். மூன்று அதிகாரிகளும் தோளோடு தோள் சேர்ந்து படம் எடுத்துக்கொண்டார்கள். நடுவில் நிற்பது யார் என்பதில் சின்னத் தகராறு. இன்ஜினியரை நடுவில் நிறுத்தினார்கள்.

அக்காவுக்கு ஒரு சான்றிதழும், அந்த மாதக் கடைசியோடு கட்டுப்பாட்டு அறை நாற்காலி தேவைப்படவில்லை என்கிற கடிதமும் ஒரே உறையில் வந்தன. ஆவணப் பிரிவுக்கு மாற்றல். அவள் இரண்டையும் மடித்துப் பைக்குள் வைத்தாள். கடிகாரத்தைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன் இன்னொருமுறை பார்த்துக்கொண்டாள்.

*

அன்று பஸ்ஸில் அவள் மறுபக்க ஜன்னலைப் பார்க்கவில்லை. தீயணைப்பு நிலைய நிறுத்தத்தில் இறங்கினாள்.

சாமான் அறை வண்டிக் கொட்டகைக்குப் பின்னால் இருந்தது. மாலை வெயில் கதவுவரை வந்து நின்றிருந்தது. அவன் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, குழாய் மூட்டுகளுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான். சுவரில் சாய்த்த ஊன்றுகோல். அலமாரியில் புதுக் கருவி ஒன்று பச்சை விளக்கோடு இருந்தது. நினைத்ததைவிட வயது குறைவு. பத்தொன்பது வருஷத்தில் அவள் அவர்கள் யார் முகத்தையும் அதிகம் பார்த்ததில்லை. அவர்களுக்கும் அவள் குரல்தான்.

யார் வேணும் என்றான். அவள் வாயைத் திறந்து, தம்பி என்றதுமே அவன் எழுந்திருக்கப் பார்த்தான்.

"கன்ட்ரோல் அக்காவா? உக்காருங்கக்கா. குரலைக் கேட்டதும் ஏதோ ஃபயர் கால் வந்திருக்குன்னு நெனச்சுட்டேன்."

உட்கார இடம் இல்லை. அவன் இன்னொரு ஸ்டூலின் மேலிருந்த பூட்ஸ் பெட்டிகளைத் தள்ளினான். ஆறு மாசத்துக்கு ஒரு ஜோடி கொடுக்கிறார்கள், ஒற்றையாகக் கொடுக்கப் படிவம் இல்லையாம் என்றான். இடது பூட்ஸ் எல்லாம் புதுசாகவே கிடக்கிறது, உங்க வீட்டில் யாருக்காவது வலது கால் இல்லாமல் இருந்தால் சொல்லுங்கள் என்று சிரித்தான். அவளுக்குச் சிரிக்க வரவில்லை. பஸ்ஸில் ஒழுங்குபடுத்தி வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் கலைந்துவிட்டன.

"முன்னமே வந்திருக்கணும். வர தைரியம் இல்ல தம்பி."

"அதுக்கென்னக்கா."

"அன்னைக்கு நான் பதினோரு நொடி லேட்."

அவனுக்குப் புரியவில்லை. எதற்கு லேட் என்று கேட்டான். அவள் சொன்னாள். பதிவு நாடாவைச் சொன்னாள், அறிக்கையைச் சொன்னாள், பஸ் சிக்னலைச் சொன்னாள். அந்த அறிக்கையை அவன் பார்த்ததே இல்லை. விசாரணைக்காரர்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள், டேப்பிலேயே எல்லாம் இருக்கிறது, நீ ஓய்வெடு என்று தோளைத் தட்டிவிட்டுப் போய்விட்டார்கள் என்றான். ஆரஞ்சுப் பழம் வைத்துவிட்டுப் போனார்கள்.

அலமாரியில் இருந்த கருவியில் அக்காவின் குரல் போலீஸ் என்றது. அவன் பேச்சை நிறுத்தாமலே கையை நீட்டிச் சத்தத்தைக் குறைத்தான். அது எங்கேயோ யாருக்கோ எதையோ சொல்லி முடித்தது.

அவள் அதைக் கவனிக்கிற நிலையில் இல்லை. சொல்ல வந்ததைச் சொல்லிவிட வேண்டும்.

"இனி அப்படி ஆகாது தம்பி. பதினோரு நொடிய ஒண்ணேகாலுக்குக் கொண்டுவந்தாச்சு. நானே கையில வச்சுப் பாத்தேன். அன்னைக்கு நான் சொன்னது மட்டும் உன் காதுல கொஞ்சம் முன்னாடி விழுந்திருந்தா, நீ நடந்தே வெளியே வந்திருப்பே."

அவன் எண்ணெய்த் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே அவளைப் பார்த்தான். அவளுக்கு ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று அவன் தேடுவது தெரிந்தது.

"காதுல நல்ல நேரத்துலயே விழுந்துச்சுக்கா, போலீஸ் வெளியே வரச் சொல்றாங்கன்னு சொன்னீங்க, அதனாலதான் இன்னும் ரெண்டடி உள்ளே போனேன்."